உங்களுக்குத் தெரியுமா? ஆயுதமாக மாறிய ஹெல்மெட்

அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். ஓடுபவரை எதிரணியினர் மோதி வீழ்த்தலாம். இதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1943-ல்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பிறகு கெட்டி பிளாஸ்டிக் கவசம் பரவலானது. மண்டையோடு தப்பியது, கூடவே பயமும் போய்விட்டது! வீரர்கள் தலையை முன்னே நீட்டி, ஜல்லிக்கட்டுக் காளைபோல முட்டத் தொடங்கினார்கள். கழுத்து முறிந்து கைகால் முடங்கியவர்கள் பலர். 1976-ல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டுவது தடை செய்யப்பட்டதும் அந்த விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

மூளையின் கதை வேறு. மண்டையோட்டுக்குள் அது குலுங்குவதை எந்த ஹெல்மெட்டாலும் முழுதாகத் தடுக்க முடியாது.

2010 அக்டோபரில் பிட்ஸ்பர்க் அணி வீரர் ஜேம்ஸ் ஹாரிசன் ஒரே ஆட்டத்தில் கிளீவ்லண்ட் அணி வீரர்கள் இருவரைத் தலையில் மோதி, ஆட்டத்திலிருந்து வெளியேற வைத்தார். அதில் ஒரு மோதலுக்கு 75,000 டாலர் அபராதம். களத்தில் அதற்கு நடுவர் விதிமீறலைக் குறிக்கும் கொடியையே எறியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசிப்பதாகக்கூடச் சொன்னார் ஹாரிசன்.

2018 முதல், தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதினால் அந்த அணிக்கு 15 கெஜம் பின்னடைவு தண்டனை. ஓடுபவர் கடைசி நொடியில் குனிந்தால் தடுப்பவர் என்ன செய்வார் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் தள்ளிவிட முடியாது: திரும்பத் திரும்ப விதி மீறிய என்.எஃப்.எல். வீரர் வான்டேஸ் பர்ஃபிக்ட் 2019-ல் ஒரு மோதலுக்காக, சீசனில் மீதமிருந்த 12 ஆட்டங்களையும் இழந்தார்.