தானமல்ல, தவணை

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே கொய்னோனியா என்ற பண்ணை 1942-இல் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் அங்கே ஒரே பந்தியில் சாப்பிட்டதற்காகச் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் அதை ஒதுக்கி வைத்த காலம் உண்டு. பண்ணையை நிறுவியவர்களில் ஒருவரான கிளாரன்ஸ் ஜோர்டானும், தன் செல்வத்தைத் துறந்து வந்த தொழிலதிபர் மில்லர்ட் ஃபுல்லரும் 1968-இல் அங்கு ஒரு வீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 1976-இல் உருவான 'ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி'. லாபம் வைக்காமல் வீடு கட்டு, வட்டியில்லாத தவணையாகப் பணத்தைத் திரும்பப் பெறு, அதை வைத்து அடுத்த வீட்டைக் கட்டு என்பதே அதன் மூல விதி.

ஏழையிடம் தவணை வாங்கலாமா, சும்மாவே கொடுத்துவிடலாமே என்று இரக்கமுள்ளவர்களே கேட்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் பார்ப்போம். 5 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 4,500 ரூபாய், மொத்தம் 10.8 லட்சம். வட்டி இல்லையென்றால் மாதம் 2,083 ரூபாய்தான். கூலி வேலை செய்யும் பல குடும்பங்களால் இரண்டாவது தொகையைக் கட்ட முடியும், முதலாவதைக் கட்ட முடியாது. இந்த இடைவெளியை நன்கொடையாளர் ஏற்றுக்கொண்டால் போதும். இனாமாகக் கொடுத்த வீட்டோடு நன்கொடை முடிந்துவிடும். தவணையாகத் திரும்பும் பணம் இன்னொரு குடும்பத்துக்கு அஸ்திவாரம் போடும். வீடு பெறுபவர்கள் தங்கள் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைக்கவும் வேண்டும். கைநீட்டி வாங்கினோம் என்ற குறுகல் அவர்களுக்கு வராது.

பழக்கமில்லாத தொண்டர்கள் கட்டிய சுவர் நிற்குமா? நியாயமான சந்தேகம். அமெரிக்க வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுபவை. சட்டத்தை நிமிர்த்துவது, ஆணியடிப்பது, வர்ணம் பூசுவது போன்ற வேலைகளைத் தேர்ந்த மேற்பார்வையாளர் அருகிலிருந்து சொல்லித் தந்தால் செய்துவிடலாம். மின்சார வேலை உரிமம் பெற்றவர்களிடம் போகும். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் ஹேபிடாட்டின் தொண்டராக 1984-இல் நியூயார்க்கில் 19 குடும்பங்களுக்காக ஒரு பாழடைந்த ஆறு மாடிக் கட்டடத்தைச் செப்பனிடும் பணியில் இறங்கினார். அதன் பிறகு ஆண்டுதோறும் சுத்தியலோடு போனார்; 2006-இல் இந்தியாவுக்கு வந்து மகாராஷ்டிரத்தின் லோணாவளா அருகிலும் வீடு கட்டினார். அவரைப் பார்த்து வந்த ஆட்களும் பணமும் ஒருவர் அடித்த ஆணிகளைவிடப் பல மடங்கு பெரியவை.

ஆனால் மனை விலை ஏறிக்கொண்டே போகும் நகரங்களில் இந்த ஏற்பாடு திணறுகிறது. மாத வருமானமே நிலையில்லாத குடும்பத்துக்கு வட்டியில்லாத் தவணையும் பாரம்தான். அவர்களுக்கு நிலமும் வாடகை வீடும் அரசுதான் தரவேண்டும். தொண்டர்களின் உழைப்பைக் காட்டி அரசு அந்தப் பொறுப்பிலிருந்து நழுவ விடக்கூடாது.