கடல் தாண்டி வந்த வானொலி நாடகம்

1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1949இல் ‘ரேடியோ சிலோன்’ ஆனது. அதன் தமிழ் நாடகங்கள் பாக் நீரிணையைத் தாண்டித் தமிழகக் கரையோர வீடுகளுக்கும் வந்தன.

இப்படிக் காதால் மட்டுமே கேட்கும் கதை எவ்வளவு மிரட்டும் என்பதற்கு, 1943 மே 25 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். ஒலிபரப்பிய ‘சாரி, ராங் நம்பர்’ நாடகம் சிறந்த சான்று. எழுதியவர் லூசில் பிளெட்சர். நோயாளிப் பெண் ஒருத்தி, தொலைபேசி இணைப்பு மாறியதில் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். டயல் சுழலும் ஓசை, ‘எங்கேஜ்டு’ ஒலி, பதறிப்பதறி உயரும் நடிகை ஆக்னஸ் மூர்ஹெட்டின் குரல். அரைமணி நேரத் திகிலுக்கு இவையே போதுமாக இருந்தன.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்ட வானொலி நாடகங்களைப் பற்றி விசாரித்து, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.