'ரத்தம் கம்மி' என்று அனுப்பிவிடாதீர்கள்

ஒரகடம், வல்லம் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் காதில் விழும். மேற்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என, அரிவாள் அணு சோகை பரவலாக உள்ள பகுதிகளிலிருந்து வந்து லைனில் நிற்கும் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒருவர் இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்து நின்றால், "ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடு" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அரிவாள் அணு நோய்க்கு அந்த மாத்திரை மருந்தல்ல.

இந்தியாவில் அரிவாள் அணு முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதே ஆண்டில் மேல் அசாம் தேயிலைத் தோட்டங்களிலும் கண்டார்கள். அங்கே இருந்தவர்களும் ஒடிசா, பீகார் பக்கமிருந்து பிழைக்கப் போனவர்களே.

நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் அணு 10, 20 நாளிலேயே உடைந்துவிடும். உடைந்ததும் ஹீமோகுளோபின் ரத்த நீரில் கொட்டி, குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. நுரையீரல் தமனிகள் இறுகித் தடிக்கின்றன. அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் ஓய்ந்துபோகிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி. இந்த நுரையீரல் தமனி அழுத்தத்தைக் காட்டாது. எக்கோவில் சந்தேகம் எழும். வலப்பக்க இதயத்துக்குள் குழாய் விட்டு அளந்தால்தான் உறுதியாகும். இன்னொரு பரம்பரை ரத்த நோயான தலசீமியா உள்ளவர்களுக்கும், குறிப்பாக மண்ணீரல் எடுத்தவர்களுக்கு, இந்த ஆபத்து உண்டு.

கண் மஞ்சள், கறுத்த சிறுநீர், கால் வீக்கம், மயக்கம் இருந்தால் அரிவாள் அணு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிப்பார்கள். கலங்கல் கோடுகளை மறைத்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் நோயாளியா, மரபைச் சுமப்பவர் மட்டுமா என்பதை எச்.பி.எல்.சி. சோதனைதான் சொல்லும். சுமப்பவர் நோயாளி அல்ல. அதைக் காட்டி வேலை மறுப்பது அநியாயம்.

நோய் உறுதியானால் ஹைட்ராக்சியூரியா அணு உடைவதைக் குறைக்கும். சில்டெனாஃபில் மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். அரிவாள் அணு நோயாளிகளிடம் அதைச் சோதித்த ஆய்வு, வலி அதிகரித்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. உடலில் நீர் வற்றினால் அணுக்கள் அரிவாளாக வளையும். கழிவறைக்கு விடமாட்டார்களே என்று தண்ணீர் குடிக்காமல் ஷிப்ட் ஓட்டுவது இவர்களுக்கு நஞ்சு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை. அரிவாள் அணு நோயும் தலசீமியாவும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ளன. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றின்மேல் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் சந்தாவுக்கும் முதன்மை நிறுவனமே பொறுப்பு. ஆகவே "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கோ" என்று ரயில் ஏற்றிவிட்டால், இ.எஸ்.ஐ. எண்ணையும் சோதனைத் தாளையும் போனில் படமெடுத்து வையுங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் அந்த எண் மாறாது.