துப்பாக்கித் தொழிற்சாலையில் பிட்டரின் பணி

பெங்களூரின் பழைய பேட்டைகளுள் தாராமண்டல்பேட்டையும் ஒன்று. திப்பு சுல்தான் நிறுவிய ஆயுதப் பட்டறைகளுக்குத் தாராமண்டலம் என்று பெயர்; அப்பெயரே இப்பேட்டைக்கும் நிலைத்தது. 1788-இல் பாரிஸுக்குச் சென்ற அவருடைய தூதுக்குழு அங்கிருந்து கைவினைஞர் சிலரையும் அழைத்து வந்தது.

அக்காலத்துத் துப்பாக்கி ஒவ்வொன்றும் தனிப்படைப்பாகும். விசைப்பொறியின் உறுப்புகளை அரத்தால் அராவி, ஒன்றோடொன்று இணங்கும்வரை சரிசெய்வர். ஓர் உறுப்பு முறிந்தால் வேறொரு துப்பாக்கியின் உறுப்பு அதற்குப் பொருந்தாது. ஐரோப்பாவிலும் இதே நிலைதான். ஆயினும் 1785-இல் பிரான்சில் ஒனோரே பிளாங் என்பார், ஐம்பது விசைப்பொறிகளின் உறுப்புகளைக் கழற்றி வைத்து, அமெரிக்கத் தூதரான ஜெபர்சனிடம் காட்டினார். கைக்கு வந்தவற்றை எடுத்து ஜெபர்சனே பூட்டிப் பார்த்தார். அவை செவ்வனே பொருந்தின.

அங்ஙனமாயின் பிட்டருக்கு இனி என்ன வேலை என்று மாணவர் வினவலாம். நியாயமான வினாவே. எந்த யந்திரமும் இம்மியளவும் பிசகாமல் உலோகத்தை வெட்டுவதில்லை. ஒவ்வோர் உறுப்பிலும் அனுமதிக்கப்பட்ட சிறு பிசகுகள் ஒன்றுகூடினால் பெரும்பிசகாகிவிடும்.

திருச்சிராப்பள்ளியில் 1966-இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையில் 7.62 மி.மீ. 1ஏ1 ரைபிள் உற்பத்தியாயிற்று. இவ்வகை ரைபிளில், சுடும்பொழுது போல்ட் பின்னோக்கி நகராதபடி ஒரு சிறு எஃகுத் துண்டு தாங்கி நிற்கிறது. அத்துண்டு பல பருமன்களில் செய்யப்படுகிறது. பிட்டர் தோட்டாவுக்குப் பதிலாக அளவுக் கட்டைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இடுகிறார். முதற்கட்டைமீது போல்ட் மூடவேண்டும், இரண்டாவதன்மீது மூடலாகாது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை தலைமயிரின் பருமனை ஒத்தது! இரண்டாவதன்மீதும் மூடினால் பருத்த துண்டை எடுத்துப் பொருத்துகிறார்.

இடைவெளி மிகுந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு நீண்டு கிழியும். கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். அந்தச் சிப்பாயைப் பிட்டர் ஒருநாளும் காணப்போவதில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரும்புக் கட்டையை நாள்கணக்கில் அராவுவது வீண் என்று சில இளைஞர் முணுமுணுப்பதுண்டு. அரத்தை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதையும் அப்பயிற்சியே கற்பிக்கிறது. மேற்சொன்ன எஃகுத் துண்டை அவசரத்தில் கையால் அராவித் தேய்ப்பவர் நல்ல பிட்டரல்லர்.

பொருத்திய ரைபிளில், வழக்கத்தினும் மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுச் சோதிப்பர். பின்னர் அதே அளவுக் கட்டைகள் மீண்டும் உள்ளே செல்லும். இம்முறை இரண்டாவதன்மீது போல்ட் மூடிவிட்டால் அந்த ரைபிள் வெளியே போகாது.