கிரைண்டர் பிடித்த கை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலி, உளியும் சுத்தியலும் செய்த வேலை. 2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் இன்று உளிச் சத்தத்துக்கு முன்னால் காதில் விழுவது கிரைண்டரின் இரைச்சல்தான்.

ஜெர்மனியில் 1954-இல் வந்த கருவி இது. மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரம் செங்கோணத்தில் திருப்பி டிஸ்க்குக்குத் தருகிறது. நாலு அங்குல டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அது ஒரு பக்கம் தேய்ந்துபோனால், சுற்றுக்கு ஒரு உதறல். நொடிக்கு 180-க்கு மேல். அத்தனையும் உள்ளங்கைக்குத்தான் போகிறது.

அதிர அதிர விரலில் உணர்வு மங்கும். பிடி நழுவுவதுபோலத் தோன்றும். சிற்பி இன்னும் இறுக்கிப் பிடிப்பார். இறுக்கினால் அதிர்வு இன்னும் ஆழமாக ஏறும். தடித்த கையுறை போட்டாலும் இதே கதைதான்.

1918-இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானாவின் பெட்ஃபோர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் கைகளைச் சோதித்தார். குளிரில் அவர்களின் விரல்கள் ரத்தம் வற்றி வெளுத்தன. நம் வெயிலில் விரல் அப்படி வெளுப்பது அபூர்வம்; மரத்துப்போவதும் குத்துவதும்தான் வரும். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் இதை நோயென்று எண்ணுவதில்லை. (கல் தூசி நுரையீரலைக் கெடுப்பது தனிக் கதை. வாயில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது.)

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு வரம்பு வைத்தது: எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 5 மீ/வி²-ஐத் தாண்டக் கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் நேரம் கால்வாசியாகும். 10 என்றால் இரண்டே மணி நேரம். பெரிய கம்பெனி கிரைண்டர்களின் கையேட்டில் அந்தக் கருவியின் அதிர்வு எண் இருக்கும். வாங்கும்போது வாட்ஸையும் விலையையும் மட்டும் பார்ப்பது தவறு.

உளிக்குத் திரும்புங்கள் என்று சிற்பிகளுக்கு உபதேசிப்பது எளிது; அதுவும் தோளை முறிக்கிற வேலைதான். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். தேய்ந்த டிஸ்க்கைத் தூக்கிப் போடுங்கள். மூலையில் நுழையாது என்று பக்கக் கைப்பிடியைக் கழற்றியிருந்தால், அந்த இடம் முடிந்ததும் மறுபடி மாட்டுங்கள். இரவில் கை மரத்துத் தூக்கம் கலைந்தால் மருத்துவரிடம் போங்கள். கிரைண்டர் பிடிப்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.