இசைத்தட்டின் ஒலியைக் கணினியிற் பதிதல்

பழைய இசைத்தட்டுகளின் ஒலியைக் கணினியிற் பதிந்துவைக்க முயல்வோர் பெரும்பாலும் சிறந்த மென்பொருளையே முதலில் தேடுகின்றனர். ஆயின், ஒலியின் தரம் கணினியைச் சேருமுன்னரே பெரிதும் முடிவாகிவிடுகின்றது. தட்டின் நுண்ணிய தவாளிப்பினின்று ஊசி எடுக்கத் தவறியதை எம்மென்பொருளாலும் பின்னர் உண்டாக்கல் இயலாது. அன்றியும், ஊசி ஓடுந்தோறும் தவாளிப்புச் சிறிதாயினுந் தேய்கின்றது. அரிய தட்டொன்றைப் பலமுறை ஓடவிட்டுப் பரீட்சித்தல் தகாது.

ஆதலின், முதல் வேலை தூய்மையாக்கலே. வினைல் தட்டைக் காய்ச்சிவடித்த நீரும் மென்மையான துணியுங் கொண்டு, தவாளிப்புச் செல்லும் வழியே துடைத்தல் வேண்டும். அரக்காலான பழைய 78 சுற்றுத் தட்டுகளில் மதுசாரம் படலாகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். ஊசியும் இருவகைத் தட்டுக்கும் ஒன்றன்று. 1948இல் வெளிவந்த 33⅓ சுற்று நெடுந்தட்டுக்கு ஏறத்தாழ 0.018 மில்லிமீற்றர் ஆரையுடைய நுனி பொருந்தும். 78 சுற்றுத் தட்டுக்கோ அதனினும் நான்கு மடங்கு பருத்த நுனி வேண்டும். மெல்லிய ஊசி அகன்ற தவாளிப்பின் அடியில் தங்கி, அங்குள்ள தூசியின் இரைச்சலையே பாடும். ஊசியின் பாரத்தைக் குறைத்தால் தட்டுத் தேயாது என்பதும் தவறான எண்ணம். பாரங் குறைந்த ஊசி துள்ளித் துள்ளித் தவாளிப்பின் சுவரைச் சிதைக்கும்.

பலர் இடறுமிடம் அடுத்துள்ளது. தாழ்ந்த சுரங்களை உள்ளவாறே வெட்டினால் தவாளிப்பு மிக அகன்று தட்டில் இடம் போதாது. உயர்ந்த சுரங்களோ தட்டின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இதற்காக 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிற்சங்கம் வகுத்த நியமப்படி, செக்கனுக்கு 1,000 அதிர்வுடைய ஒலியோடு ஒப்பிடுகையில், 20 அதிர்வுடையது ஏறத்தாழப் பத்திலொரு பங்காகக் குறைக்கப்பட்டும், 20,000 அதிர்வுடையது பத்து மடங்காகக் கூட்டப்பட்டும் வெட்டப்படுகின்றன. கேட்கும்போது இதனை நேர்மாறாக்கல் வேண்டும். இசைத்தட்டுக்கெனச் செய்யப்பட்ட முன்விரியலாக்கி இதனைச் செய்வதோடு, ஊசியினின்று வரும் ஒருசில மில்லிவோல்ற்று மின்னையும் வேண்டிய அளவுக்குப் பெருக்குகின்றது. அதனை விடுத்துக் கணினியின் ஒலிவாங்கித் துளையில் நேரே பொருத்துவோர்க்கு ஆழமற்ற, கீச்சிடும் ஒலியே கிட்டும். 1954க்கு முந்திய தட்டுகளில் இவ்வளவுகள் கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டன என்பதும் நினைவிலிருத்தற்பாலது. சுழல்மேடையின் புவித்தொடுப்புக் கம்பியைப் பூட்டாவிடின் மின்வழங்கலின் ‘ம்ம்’ என்னும் முழக்கம் பாட்டினூடே கேட்கும்.

கணினியிற் செய்யவேண்டியது அதிகமில்லை. பதிவு 24 பிற்று ஆழத்தில், செக்கனுக்கு 48,000 மாதிரிக்குக் குறையாமல் இருத்தல் நன்று. ஒலிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் கூறும் மிகக்குறைந்த அளவும் இதுவே. உச்ச ஒலி எல்லைக்கு 6 தெசிபெல் கீழே நிற்கட்டும். எல்லையைக் கடந்த அலையின் தலை வெட்டுண்டுபோம். 24 பிற்றுப் பதிவில் அவ்விடைவெளியால் நட்டம் யாதுமில்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை நான் அளவோடே விரும்புவேன். தட்டின் வெடிப்போசைக்கும் மிருதங்கத்தின் கூரிய சொல்லுக்கும் வேற்றுமை காண அது சிலபோது தவறுகின்றது. நாதசுரத்தின் மூச்சையும் இரைச்சலென்றே வழித்தெறிதல் உண்டு. எனவே, திருத்தாத முதற்பதிவை எம்பி3 ஆகச் சுருக்காது, வேவ் அல்லது பிளாக் வடிவில் தனியே காத்தல் வேண்டும். திருத்தமெல்லாம் அதன் பிரதியிலேயே செய்க. பிரதிகளும் ஒரே இடத்தில் இருத்தலாகாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அதனோடே அழிந்தன. பதிவோடு தட்டின் முகப்புச்சீட்டின் படத்தையும், தட்டெண், ஊசியின் அளவு, சுழற்சி வேகம் ஆகியவற்றையும் குறித்துவைத்தால், பின்னர் அதனைத் திருத்தப் புகுவோர் மீண்டுந் தட்டை ஓடவிட நேராது.