குடும்ப எழுத்தறிவு: யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள்?

‘குடும்ப எழுத்தறிவு’ என்ற சொல்லை அமெரிக்க ஆய்வாளர் டென்னி டெய்லர் 1983இல் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்தபோது அது எந்தத் திட்டத்தின் பெயருமல்ல. வீட்டுக்குள் எழுத்து எப்படிப் புழங்குகிறது என்பதைச் சில குடும்பங்களோடு பழகிப் பார்த்து அவர் விவரித்திருந்தார்; அவ்வளவுதான். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அதே சொல் அரசு நிதி பெறும் நலத்திட்டங்களின் பெயராயிற்று. ‘வீட்டில் இப்படி நடக்கிறது’ என்ற விவரிப்பு, ‘வீட்டில் இப்படி நடக்க வேண்டும்’ என்ற விதியாக மாறியது. புலம்பெயர்ந்த பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமான எழுத்தறிவுத் திட்டங்களைப் பற்றிய பேச்சை இந்த மாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திட்டத்தின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். 1986இல் கென்டக்கி மாநிலத்தில் தொடங்கிய ஒரு முயற்சி இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. பள்ளிப்படிப்பை முடிக்காத தாய், மூன்று நான்கு வயதுப் பிள்ளையோடு பள்ளிக்கு வருவார். பிள்ளைக்கு முன்பருவக் கல்வி. தாய்க்கு முதியோர் கல்வி. பிறகு இருவரும் சேர்ந்து விளையாட, வாசிக்க ஒரு நேரம். கூடவே, பிள்ளை வளர்ப்பது எப்படி என்று தாய்க்கு ஒரு வகுப்பு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த ‘ஈவன் ஸ்டார்ட்’ என்ற நடுவண் அரசுத் திட்டமும் இதையொத்த அமைப்பையே கொண்டிருந்தது. உள்ளூர் ஏழைகளை மனத்தில் வைத்து உருவான இந்த வார்ப்புக்குள், ஸ்பானிய மொழி பேசும் புலம்பெயர் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் வந்து சேர்ந்தன.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாயும் பிள்ளையும் சேர்ந்து படிக்கிறாங்க, நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் இதன் அடியில் ஒரு கருத்தியல் ஓடுகிறது. படிக்காத பெற்றோர் படிக்காத பிள்ளைகளை உருவாக்குகிறார்கள். அதனால் வறுமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. இந்தச் சுழற்சியைப் பெற்றோரிடமிருந்து உடைக்க வேண்டும் என்பது அது. வறுமைக்குக் கூலியும் வீட்டு வாடகையும் காரணமாக இருப்பது இந்தக் கணக்கில் பின்னால் போய்விடுகிறது. புலம்பெயர்ந்தோர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதவும் வேதாகமம் வாசிக்கவும் தெரிந்த ஒருத்தி, எல்லையைத் தாண்டியதும் ‘எழுத்தறிவற்றவள்’ ஆகிவிடுகிறாள். அவளுக்குத் தெரிந்தது எதுவும் மாறவில்லை. அதை அளக்கும் கோல் மாறிவிட்டது.

பாஸ்டனில் புலம்பெயர்ந்த பெற்றோருக்கான ஆங்கில வகுப்புகளோடு தொடர்புகொண்டிருந்த எல்சா ஆவர்பாக் 1989இல் எழுதிய கட்டுரை இந்தக் குறைபாட்டுப் பார்வையை நேரடியாக எதிர்கொண்டது. கற்பித்தல் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மட்டுமே செல்கிறது என்ற அனுமானம் தவறு என்றார். புலம்பெயர் வீடுகளில் பிள்ளைதான் மருத்துவமனையில் மொழிபெயர்க்கிறது; பள்ளிக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொல்கிறது. பள்ளியின் நடைமுறைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பதியவைப்பதே குடும்ப எழுத்தறிவு என்றால், வீடு பள்ளியின் கிளை அலுவலகமாகிவிடும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம் என்று நான் வாசிக்கிறேன்.

அப்படி ஆனால் என்ன நேரும்? ரிச்சர்ட் ரோட்ரிகஸ் தம் தன்வரலாற்றில் (1982) எழுதியிருக்கிறார். மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து சாக்ரமெண்டோவில் வளர்ந்தவர். பள்ளியின் கன்னியாஸ்திரீகள் ஒருநாள் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள். பையன் படிப்பில் முன்னேறுகிறான். வீடு மெல்ல மெல்ல அமைதியாகிவிடுகிறது. இதை ஓர் இழப்பாக உணர்ந்தும், பொதுவாழ்வுக்குள் நுழையத் தர வேண்டிய விலை என்று ரோட்ரிகஸ் நியாயப்படுத்துகிறார். இருமொழிக் கல்வியையும் எதிர்க்கிறார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு அவரைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது கடினம்.

லில்லி வாங் ஃபில்மோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு 1,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கியது. முன்பருவப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குள் போன பிள்ளைகள் வீட்டுமொழியை இழப்பதை அது பதிவு செய்தது. அதில் வரும் கொரியக் குடும்பம் ஒன்றின் கதை என்னை விடவில்லை. கொரியாவிலிருந்து தாத்தா வருகிறார். பேரப்பிள்ளைகள் அவரிடம் பேசிய கொரிய மொழியில் மரியாதை விகுதி இல்லை. தாத்தா மகனைக் கடிந்துகொள்கிறார். அப்பன் பிள்ளைகளை அடிக்கிறான். பிள்ளைகளுக்கோ எதற்கு அடி விழுந்தது என்றே புரியவில்லை. எம்.ஏ. தமிழ் வகுப்பில் உயர்வுப் பன்மை எனக்கு ஒரு தேர்வுக் கேள்வி. ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் இடையில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது என்பதை இலக்கண நூல் சொல்லாது.

மாற்று ஒன்று இருந்தது. கலிபோர்னியாவின் பஹாரோ பள்ளத்தாக்கில் வாட்சன்வில் என்ற ஊர். ஸ்ட்ராபெர்ரி வயல்கள், காய்கறி உறையவைக்கும் ஆலைகள். 1985 முதல் 1987 வரை மெக்சிகோப் பெண்கள் முன்னின்று நடத்திய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பேர்போனது. அங்கே 1986இல் அல்மா ஃப்ளோர் அடா, ஸ்பானிய மொழி பேசும் பெற்றோரை மாதம் ஒருமுறை கூட்டினார். கூட்டம் முழுக்க ஸ்பானிய மொழியில். பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களைப் பெற்றோர் சேர்ந்து வாசித்துப் பேசுவார்கள். கேள்விகள் படிப்படியாக நகரும்: கதையில் என்ன நடந்தது? உனக்கு இப்படி நேர்ந்ததுண்டா? நடந்தது நியாயமா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்? பாவ்லோ ஃப்ரெய்ரேயின் செல்வாக்கு வெளிப்படை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளோடு வாசிப்பார்கள். பிள்ளைகள் சொல்லும் கதைகளை எழுதி வருவார்கள். அவற்றைக் கூட்டத்தில் பெற்றோர் உரக்க வாசிப்பது வீடியோவில் பதிவாகி வீடுகளுக்குப் போனது. வயலில் கூலிவேலை செய்யும் அப்பா புத்தகம் வாசிப்பதைப் பிள்ளை திரையில் பார்க்கிறது. இங்கே எழுத்து, தாய் தந்தையின் சொல்லுக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

அரிசோனாவின் டூசானில் லூயிஸ் மோலும் சக ஆய்வாளர்களும் ஆசிரியர்களையே வீடுகளுக்கு அனுப்பினார்கள், கற்பிக்க அல்ல, கற்றுக்கொள்ள. விவசாயம், கட்டடவேலை, மருந்து, வியாபாரம் என்று அவ்வீடுகளில் இருந்த அறிவுச் சேமிப்பு பற்றிய அவர்களின் கட்டுரை 1992இல் வந்தது. மெக்சிகோ மிட்டாய் விற்ற ஒரு பையனைக் கண்ட ஆசிரியை, மிட்டாயையே பாடமாக்கி, ஒரு தாயை வகுப்புக்கு அழைத்துச் செய்து காட்டவைத்தார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ‘தாய்மொழி தாய்மொழின்னு நீங்க பேசுறீங்க, அந்தத் தாய்க்கு வேண்டியது இங்கிலீஷ்தானே?’ நியாயமான கேள்வி. சம்பளச்சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் வாசிக்க ஆங்கிலம் வேண்டும். அதை மறுத்துவிட்டுப் பண்பாட்டைக் கொண்டாடுவது வசதியுள்ளவர்கள் செய்யும் காரியம். ஆவர்பாக்கோ அடாவோ அதை மறுக்கவில்லை. ஆங்கிலம் பெறுவதற்காகப் பிள்ளையோடு பேசும் மொழியைப் பெற்றோர் ஏன் அடகு வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

‘ஈவன் ஸ்டார்ட்’ என்ன ஆயிற்று? 2003இல் வெளியான தேசிய மதிப்பீடு, திட்டத்தில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவே முன்னேறியிருந்தார்கள் என்றது. 2001இல் 25 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு 2010இல் 6.6 கோடியாகச் சுருங்கி, 2011இல் நின்றது. அளந்தவற்றில் முக்கியமானவை தேர்வு மதிப்பெண்கள். தாயும் பிள்ளையும் எந்த மொழியில், எவ்வளவு நேரம், எதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. ஒரு திட்டம் எதைப் பயன் என்று எண்ணியதோ, அதைக்கொண்டே அது முடித்தும் வைக்கப்பட்டது.

இது நம்மவர்களையும் தொடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1977 முதல் மரபுமொழி வகுப்புகளுக்கு நிதி தந்தது. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே தமிழ் படித்தார்கள், பெரும்பாலும் சனிக்கிழமைகளிலோ பள்ளி நேரத்துக்குப் பிறகோ. மொழிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அது வகுப்பறைக்கு வெளியே கிடைத்த இடம். மிஸ்ஸிஸாகா நகரின் தார்ன்வுட் பள்ளியில் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய கதைகளைப் பெற்றோர் உதவியோடு வீட்டுமொழியிலும் எழுதி இருமொழிப் புத்தகங்களாக்கினார்கள். அங்கே தாயின் கையெழுத்து பள்ளிக்குள் வருகிறது.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு என்ன கொடுத்தனுப்பினோம் என்பதைத் திட்டங்கள் கணக்கு வைத்துக்கொள்கின்றன. இத்தனை புத்தகம், இத்தனை வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கு என்ன வந்தது என்று எழுத அந்தக் கணக்கில் ஒரு பத்தி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அது இல்லாத திட்டத்துக்குக் குடும்பம் என்ற அடைமொழி தேவையில்லை.